புத்தகம் கையில் இருக்கும்வரை

எங்கள் நீதிமன்றத்தில் சட்டப் புத்தகங்களைப் படிப்பவர்கள் நிறையப் பேர். தூக்குபவன் நான் ஒருவன்தான். நூலகம் அடித்தளத்தில் இருக்கிறது. நீதிபதிகள் உச்சி மாடியில் இருக்கிறார்கள். சட்டம் கீழேயும் நீதி மேலேயும் இருப்பதால் நடுவில் ஒரு முதுகு தேவைப்படுகிறது. அந்த முதுகு என்னுடையது.

தலை நரைத்த பிறகுதான் எழுத்துக் கூட்டினேன். எங்கள் தொழிலாளர் சங்கத்து அறையில் மடக்கு நாற்காலிகளைப் பிரித்துப் போட்டு ஓர் அம்மா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதுவரை புத்தகங்களை நிறத்தாலும் கனத்தாலும் மட்டும்தான் அறிவேன். சொத்துச் சட்டம் சிவப்பு, கழுத்தைப் பிடிக்கும். வரிச் சட்டம் கறுப்பு. எந்தப் பக்கம் பிடித்தாலும் நழுவும். குடும்பச் சட்டம் பச்சை. ஆள் சின்னதுதான், ஆனால் மூலை விலாவில் குத்தும்.

எழுத்து வந்ததோடு ஒரு வியாதியும் வந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுப் படிப்பேன். மருந்து டப்பா, பேருந்தின் முதுகு, பக்கத்துச் சீட்டுக்காரர் கையில் இருக்கும் செய்தித்தாள், எதையும் விடுவதில்லை. "கொஞ்சம் மனசுக்குள்ள படிங்களேன், மானம் போகுது" என்பாள் என் மனைவி. அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். எதையும் மடிப்புக் கலையாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்தவள். எனக்குத்தான் அந்தப் பழக்கம் வரவில்லை.

அந்த வியாதிதான் என்னை வழக்கில் கொண்டுபோய் நிறுத்தியது.

எங்கள் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்று ஆட்களுக்கு, அதற்குள் கண்ணாடியும் மின்விசிறியும் உண்டு. மற்றது சரக்குக்கு, அதற்குள் பொத்தான் உண்டு. பொத்தான் என்பது லிஃப்டை ஓட்டுகிறவனுக்கு நாங்கள் வைத்த பெயர்; கணக்கில் அவனும் லிஃப்டின் ஒரு பாகம்தான். காலையிலிருந்து மாலைவரை பொத்தானை அழுத்துவதும் ஊர்க்கதை பேசுவதும்தான் அவன் வேலை. நான் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறுவேன், அவன் அழுத்துவான், போய்ச் சேருவோம். வருஷக்கணக்காக இப்படித்தான்.

ஒருநாள் புதிதாக வந்த கண்காணிப்பாளர் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். அவர் வருகிறார் என்று எல்லாவற்றையும் துடைத்திருந்தார்கள். சரக்கு லிஃப்டின் நெற்றியில் ஒட்டடை போய் ஒரு தகரப் பலகை பளிச்சென்று தெரிந்தது. எழுத்தைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"சரக்கு மின்தூக்கி. ஆட்கள் ஏறக் கூடாது."

திக்காமல் படித்துவிட்ட பெருமையில் திரும்பிப் பார்த்தேன். பொத்தான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். கண்காணிப்பாளர் நெருங்கி வந்தார்.

"என்ன போட்டிருக்கு? இன்னொரு தடவை படிப்பா."

கேட்டு ஒருவர் படிக்கச் சொல்வது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இன்னொரு தடவை படித்தேன்.

"அப்ப நீ எப்படி இதுல ஏறுறே?"

"புத்தகத்தோட ஏறுறேன்யா."

"புத்தகம் ஏறலாம். நீ ஏறலாமா?"

"புத்தகத்தை மட்டும் அனுப்பிட்டு நான் படியில போய் எடுத்துக்கிடவா?"

அதுவும் முடியாதாம். நூலகத்தை விட்டுக் கிளம்பிய புத்தகம், நீதிபதியின் மேசையைத் தொடும்வரை சுமப்பவன் கையை விட்டு நீங்கக் கூடாது என்று தனி விதி உண்டு. ஆட்கள் லிஃப்டில் போகலாம் என்றால் அங்கே வேறு பலகை: சுமையோடு ஏறக் கூடாது, சுமை தூக்குகிறவர் வெறுங்கையோடும் ஏறக் கூடாது.

"அப்ப நான் எதுலதான்யா போறது?"

கண்காணிப்பாளர் மாடிப்படியை நோக்கிக் கையை நீட்டினார். "அங்க ஏதாவது போர்டு இருக்கா? இல்லையே. சட்டம் உனக்கு ஒரு வழியைத் திறந்துதானே வெச்சிருக்கு?"

மறுநாளிலிருந்து படி. எத்தனை படி என்று எண்ணியதில்லை. எண்ணியிருந்தால் ஏறியிருக்க மாட்டேன். கொஞ்ச நாளிலேயே வலது முட்டி சப்பாத்தி மாவு போல உப்பிக்கொண்டது. மருத்துவர் தட்டிப் பார்த்தார்.

"ஏறுறது கெடுதல். இறங்குறது அதைவிடக் கெடுதல்."

"அப்ப எங்கதாங்க நிக்கிறது?"

"உக்காருங்க" என்றார்.

உட்காருகிறவனுக்கு எங்கள் நீதிமன்றத்தில் சம்பளம் உண்டு. ஆனால் அதற்கு நீதிபதியாக இருக்க வேண்டும். தூக்குகிறவன் உட்கார்ந்தால் மறுநாள் அவன் இடத்தில் வேறு முதுகு வந்து நிற்கும். கண்காணிப்பாளரிடம் போய், பலகைக்குக் கொஞ்சம் இரக்கமாக அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

"நான் போர்டைத் துடைக்கலாம், ஆணி அடிக்கலாம். அர்த்தம் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. அர்த்தமெல்லாம் மேல இருக்கு" என்று கூரையைக் காட்டினார்.

அப்படித்தான் வழக்குப் போட்டேன். கூலி வாங்காமல் ஒரு வக்கீலம்மா முன்வந்தார். என் மனுவைக் கேட்டதும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "எவ்வளவு அழகான கேள்வி! மனுஷன் எங்க முடியிறான், சரக்கு எங்க ஆரம்பிக்குது?"

"முட்டியிலம்மா" என்றேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

மூன்று நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். நடுவில் தலைவர். வலப்புறம் இருந்தவரை நாங்கள் அகராதி ஐயா என்போம். எந்தச் சொல்லையும் அகராதியில் பார்க்காமல் அவர் விழுங்குவதில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு 'தண்ணீர்' என்பதைத் தேடிக்கொண்டிருப்பார் என்று பொத்தான் சொல்வான். இடப்புறம் இருந்தவர் நோக்கம் ஐயா. வார்த்தை எப்படிப் போனாலும் போகட்டும், அதன் நோக்கம் என்ன என்பதுதான் அவர் கவலை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. நடுவில் இருக்கும் தலைவர் மூலமாகத்தான் பேச்சு.

எங்கள் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வாதத்தில் ஒரு புத்தகத்தைச் சொன்னால் அந்தப் புத்தகமே மேசைமேல் வந்தாக வேண்டும். நகல் செல்லாது. சாயங்காலம் எல்லாம் கீழே போய்விட வேண்டும். வழக்கு என்னுடையது என்பதால் இந்த வழக்கம் மாறவில்லை. தூக்குகிறவனும் மாறவில்லை.

அகராதி ஐயா ஆரம்பித்தார். "'ஆள்' என்பதன் பொருளை, பலகை எழுதப்பட்ட காலத்து அகராதியில் காண வேண்டும். பலகை எந்தக் காலத்தது?"

பலகையில் தேதி இல்லை.

"அப்படியானால் எல்லாக் காலத்து அகராதிகளும் வரட்டும்."

வந்தன. அதாவது, கொண்டுவந்தேன். நான் இரண்டாம் மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போது மேலே என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"மனுதாரர் ஆஜரா?"

"படியில இருக்காருங்க" என்றார் வக்கீலம்மா.

'மனுதாரர் தம் வழக்கில் போதிய அக்கறை காட்டுவதாகத் தெரியவில்லை' என்று பதிவு செய்தார்கள். அதைப் பதிவு செய்யும் விதம் பற்றியும் ஒரு புத்தகம் இருந்தது. போய் எடுத்து வந்தேன்.

அடுத்து நோக்கம் ஐயா. "சொற்களைத் தின்று யாரும் பசியாறுவதில்லை" என்று தலைவரைப் பார்த்துச் சொன்னார். சொல்லப்பட்டது அகராதி ஐயாவுக்கு. "லிஃப்ட் என்பது எதற்காக? மனிதன் ஏன் உயரே போக விரும்புகிறான்? இந்தக் கேள்விகளின் வரலாறு தெரியாமல் பலகைக்குப் பொருள் காண முடியாது."

வரலாறு அகராதியை விடக் கனமாக இருந்தது. படங்களும் உண்டாம், வழவழப்புத் தாள். வழவழப்புத் தாள் போலக் கனப்பது உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

வீட்டில் மனைவி என் முட்டிமேல் வெந்நீர்த் துணியைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "கேஸு ஜெயிக்கிறதுக்குள்ள காலு தோத்துடும் போலிருக்கே. பேசாம வேணாம்னு சொல்லிட்டு வந்துடுங்க."

மறுநாள் வக்கீலம்மாவிடம் கேட்டேன். "வாபஸ் வாங்கலாமே" என்றபோது அவர் முகம் மறுபடி பிரகாசமானது. "ஆனா வாபஸ்ங்கிறது என்னன்னு முதல்ல வாதாடணும். அதைப் பத்தி அருமையான புத்தகமெல்லாம் கீழ இருக்கு."

"வேணாம்மா, நடக்கட்டும்" என்றேன்.

அதன் பிறகு நீதிமன்றமே நேரில் வந்து லிஃப்டைப் பார்வையிடுவது என்று முடிவானது. மூன்று நீதிபதிகளும், எழுத்தரும், வக்கீல்களும் கண்ணாடி லிஃப்டில் கீழே வந்தார்கள். சரக்கு லிஃப்டுக்குள் நுழையப் போன தலைவரைப் பொத்தான் தயக்கத்தோடு நிறுத்தினான்.

"ஐயா, போர்டு…"

தலைவர் கோபப்படவில்லை. மிகவும் பொறுமையாக விளக்கினார். "தனியாக வந்தால் நான் ஆள். மூவரும் கூடி வந்தால் நீதிமன்றம். நீதிமன்றம் ஏறக் கூடாது என்று இதில் எங்கே எழுதியிருக்கிறது?"

அகராதி ஐயா பலகையை ஒருமுறை படித்துப் பார்த்து, எழுதவில்லை என்று உறுதி செய்தார். அந்த வழக்கில் மூவரும் ஒருமனதாக இருந்தது அந்த ஒரு தடவைதான். நீதிமன்றம் நின்றுகொண்டு போவது மரபில்லை என்பதால் மூன்று நாற்காலிகளை லிஃப்டுக்குள் போட்டார்கள். மேலே போனதும் அவர்கள் இறங்கி உட்கார வேறு நாற்காலிகள் வேண்டுமே? அவற்றை நான் படியில் தூக்கிக்கொண்டு போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது நீதிமன்றம் வெகுநேரமாக லிஃப்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. மனுதாரர் தாமதம் என்று அதுவும் பதிவானது.

இவ்வளவுக்கும் நடுவில் வக்கீலம்மா ஒரு நல்ல காரியம் செய்தார். அந்தப் பலகையை எழுதி மாட்டியவர் யார் என்று விசாரித்துக் கண்டுபிடித்தார். பழைய கண்காணிப்பாளர், ஓய்வு பெற்று உயிரோடுதான் இருந்தார். ஊன்றுகோலோடு வந்து கூண்டில் நின்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. எழுதினவரே வந்துவிட்டார், இனி என்ன அர்த்தம் வேண்டிக் கிடக்கிறது?

"அது ஒண்ணுமில்லீங்க" என்றார் பெரியவர். "லிஃப்டோட கம்பி தேஞ்சு போயிருந்துது. மாத்துற வரைக்கும் யாரும் ஏறித் தொலையாதீங்கன்னு எழுதி மாட்டுனேன். அப்புறம் கம்பியை மாத்தியாச்சு. போர்டைக் கழட்டலாம்னு பாத்தா ஏணி கெடைக்கல."

நல்ல விருந்தில் யாரோ தும்மிவிட்டது போல எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அகராதி ஐயாதான் கேட்டார். "'கம்பி' என்ற சொல் பலகையில் இருக்கிறதா?"

"இல்லீங்க."

"'தேய்ந்த'?"

"இல்லீங்க."

"இல்லாத சொற்களை நீங்கள் எப்படி எழுதியிருக்க முடியும்?"

பெரியவர் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டார். அப்போது, எதிர்த்தரப்பான நிர்வாகம் வரவழைத்திருந்த பேராசிரியர் எழுந்தார். சட்டத்தின் பொருளைப் பற்றி அவர் எழுதிய நூலை நான் அன்று காலைதான் தூக்கி வந்திருந்தேன். பொருள் எப்படியோ, நூல் கனமாகவே இருந்தது.

"ஒரு வாக்கியத்தை எழுதியவர் அந்த வாக்கியத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல மிகவும் தகுதியற்றவர்" என்றார் பேராசிரியர். "அவர் எழுதும்போது பக்கத்தில் மிக நெருக்கமாக இருந்துவிட்டார். நாமோ தொலைவில் இருக்கிறோம். நமக்குத்தான் நன்றாகத் தெரியும். ஐயா, நினைவுபடுத்திப் பாருங்கள். 'ஆட்கள்' என்று எழுதியபோது, மனிதனைச் சரக்கோடு சேர்த்து ஏற்றுவது அவன் கண்ணியத்துக்கு இழுக்கு என்ற எண்ணம் உங்களுக்குள் ஆழத்தில் இருந்ததல்லவா?"

"ஏணி கெடைக்காததுதான் ஞாபகம் இருக்கு…"

"ஏணியே ஒரு குறியீடு அல்லவா?"

பெரியவர் யோசித்தார். பேராசிரியர் அரைமணி நேரம் பேசினார். பேசப் பேசப் பெரியவரின் முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆமாங்கய்யா, கண்ணியம்தான். மனுஷ கண்ணியம்! நான் இவ்வளவு ஆழமா யோசிச்சிருக்கேன்னு எனக்கே இத்தனை நாளா தெரியாம போச்சு. வீட்டுல சொன்னா நம்ப மாட்டாங்க, எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தார்கள். அவர் கண்ணாடி லிஃப்டில் இறங்கிப் போனார். என் கண்ணியத்தைக் காப்பாற்றிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு நான் படியில் இறங்கினேன்.

தீர்ப்பு நாள் வந்தது. அச்சகத்திலிருந்து தீர்ப்பு அடித்தளத்துக்கு வந்தது. மேலே வாசித்தால்தான் அது செல்லும். ஆகவே என்னை லிஃப்டில் ஏற்றும் தீர்ப்பா, ஏற்றாத தீர்ப்பா என்று தெரியாமலேயே அதைச் சுமந்துகொண்டு படியேறினேன்.

தலைவர் வாசித்தார். "புத்தகம் சுமப்பவரின் கையை விட்டு நீங்கக் கூடாது என்பது விதி. எனவே கையும் புத்தகத்தை விட்டு நீங்கக் கூடாது. நீங்கக் கூடாத இரண்டு பொருள்கள் ஒரே பொருள். ஆகவே கை, புத்தகத்தின் பகுதி. தோள், கையின் பகுதி. இடுப்பு, தோளைத் தொடர்வது. தொடை, இடுப்பைத் தொடர்வது. முட்டி, தொடையைத் தொடர்வது." இங்கே அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார்.

வக்கீலம்மா பதறி எழுந்தார். "பாதம், ஐயா?"

"பாதமும்."

புத்தகம் கையில் இருக்கும்வரை நான் சரக்கு. சரக்கு லிஃப்டில் ஏறலாம். நோக்கம் ஐயா இதற்கு உடன்பட்டார். ஆனால் தலைவரின் காரணங்கள் எல்லாம் தவறு என்று தனியாக எழுதியிருந்தார். அகராதி ஐயா மறுத்து எழுதியிருந்தார். ஆள் என்றால் ஆள்தான், அவன் கையில் மலையே இருந்தாலும் ஆள்தான் என்பது அவர் கட்சி. மூன்றிலும் தடிமனானது அவருடையது. மேலே ஏறக் கூடாது என்று சொன்ன பகுதிதான் மேலே ஏறும்போது என் உயிரை எடுத்திருக்கிறது.

தீர்ப்பில் சில நிபந்தனைகளும் இருந்தன. சரக்கு பேசாது, ஆகவே லிஃப்டுக்குள் நான் பேசக் கூடாது. சரக்கு பொத்தானை அழுத்தாது. ஆகவே தொடக் கூடாது.

பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினேன். "ஐயா, மேல புத்தகத்தை வெச்சதுக்கு அப்புறம், இறங்குறப்போ?"

"அப்போது நீங்கள் மறுபடியும் ஆள்" என்றார் தலைவர், முகம் மலர. "வாழ்த்துகள்."

வக்கீலம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாரும் போன பிறகு, மறுபடி ஆளாகிவிட்ட நான், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். இறங்குவது அதைவிடக் கெடுதல் என்று மருத்துவர் சொன்னது ஒவ்வொரு படியிலும் உண்மையானது.

வீட்டில் தீர்ப்பை ஒன்றுவிடாமல் மனைவியிடம் சொன்னேன். அவள் சட்டைக் காலரை நீவிக்கொண்டே கேட்டாள்.

"புத்தகம் கையில இருந்தா சரக்குன்னாங்க."

"ஆமா."

"இல்லைன்னா ஆளு."

"ஆமா."

"அப்ப கையை ஏன் காலி பண்ணுறீங்க? ஒண்ணே ஒண்ணைக் கையிலயே வெச்சுக்கிட்டு இறங்க வேண்டியதுதானே? இதுக்கா இத்தனை பேரு உக்காந்து பேசுனாங்க!"

மறுநாளிலிருந்து குடும்பச் சட்டம் என் அக்குளை விட்டு இறங்குவதில்லை. மூலை விலாவில் குத்தத்தான் செய்கிறது. குடும்பம் என்றால் அப்படித்தான். முட்டி மெல்ல மெல்ல வற்றியது. என்னைப் பார்த்துவிட்டு எழுத்தர் ஒரு புத்தகத்தோடு வர ஆரம்பித்தார். கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு ஒரு பழைய சட்ட இதழையும் இடுக்கிக்கொண்டு வந்தார். "எங்க லிஃப்டுல படிக்கிற கூட்டம் பெருகிப் போச்சு அண்ணே" என்று பொத்தான் சந்தோஷப்பட்டான். நான் பதில் சொல்லவில்லை. சரக்கு பேசாது.

போன வாரம் கண்ணாடி லிஃப்ட் பழுதானது. நான் அடித்தளத்திலிருந்து தீர்ப்பின் பிரதிகளை நீதிபதிகளின் அறைகளுக்குக் கொண்டுபோக ஏறியிருந்தேன். தரைத்தளத்தில் கதவு திறந்தது. வெளியே அகராதி ஐயா நின்றார். கறுப்பு அங்கி, வெறும் கை. மாடிப்படியைப் பார்த்தார். தன் முட்டியைப் பார்த்தார். அவருக்கும் முட்டி இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு தலையை நிமிர்த்திப் பலகையைப் பார்த்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஏணி இன்னும் கிடைக்கவில்லை.

பொத்தான் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்ல முடியும்? அடுக்கின் மேலே இருந்த தடிமனான பிரதியை எடுத்து, வாயைத் திறக்காமல் நீட்டினேன்.

அகராதி ஐயா அதை வாங்கினார். முதுகில் இருந்த பெயரைப் படித்தார். அவருடைய மறுப்புத் தீர்ப்புதான். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதுவும் பேசாமல் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார்.

"சரக்கு ரெண்டு, மேல" என்று சொல்லிப் பொத்தான் அழுத்தினான்.

இரண்டாம் மாடி தாண்டும்போது அவர் கையை மாற்றிப் பிடித்தார். மூன்றாம் மாடியில் மறுபடி மாற்றினார். "என்ன கனம்!" என்று அவர் வாயிலிருந்து வந்தது. பொத்தான் திரும்பிப் பார்த்தான். ஐயா உடனே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நேராக நின்றார்.

உச்சியில் கதவு திறந்ததும் அவர் முதலில் இறங்கினார். அவருடைய பிரதிதானே, மேசையில் வைத்துவிடலாம் என்று நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. தாழ்வாரத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இது என்கிட்டயே இருக்கட்டும்ப்பா. சாயங்காலம் இறங்கணும்."